தோட்டத்து வூடு (குடும்பக் குழு)

கவின்: பெருமாநல்லூர்ல விவசாயிங்க நினைவுத்தூணுன்னு பாத்தேன். யாருக்குங்க அது?

செல்வம் சித்தப்பா: கரண்டு சண்டையில செத்தவீங்களுக்கு. 1970 ஜூன் 19. யூனிட்டு 8 பைசாவா இருந்ததை 10 ஆக்கினாங்க. போலீசு சுட்டதுல மூணு பேரு போயிட்டாங்க.

கவின்: ரெண்டு பைசாவுக்கா??

அருணா அத்தை: லேசாச் சொல்லீட்ட கண்ணு. கெணத்துல தண்ணி கீழ போகப்போக மோட்டாரு கூடக் கொஞ்ச நேரம் ஓடோணும். கெணறு வெட்டுன கடன் வேற கழுத்தைப் புடிக்கும்.

செல்வம் சித்தப்பா: அப்பறம் ஒரு பைசா கொறச்சாங்க. மூணு உசுரு, ஒரு பைசா.

அருணா அத்தை: 1972ல அதே கரண்டுச் சண்டைக்கு விவசாயிங்க சங்கத் தலைவரு நாராயணசாமி நாயுடு கூப்புட்டு, கட்டவண்டியெல்லாம் கோயமுத்தூருக்குள்ள போயிருச்சு. கலெக்டர் ஆபீசு, ஜெயிலு வாசல், எங்க பாத்தாலும் வண்டிதான். நம்ம அய்யனும் போனாரு. இருங்க, கேட்டு டைப் பண்றேன்.

அருணா அத்தை: "அப்ப எனக்கு 24 வயசு. மாட்டை அவுத்து ஓரமாக் கட்டிப்போட்டு, வண்டியை நடுரோட்டுல உட்டோம். கடையாணியப் புடுங்கி மடியில முடிஞ்சுக்கிட்டேன். இழுத்தா சக்கரம் கழண்டுக்கும், எவன் நகத்துவான்? எனக்குப் பயமே மாட்டுக்குத்தான். சத்தத்துல மெரண்டு ரெண்டு நாளாத் தீவனமே எடுக்கல."

பிரவீன் (பெங்களூர்): எல்லாஞ் சரிங்க. இன்னைக்கு இலவசக் கரண்டுன்னு மோட்டாரை நிறுத்தாம ஓட்டித்தான ஆயிரம் அடி போர்லயும் தண்ணி இல்லாமப் போச்சு?

செல்வம் சித்தப்பா: அதுவும் நெசந்தான். நம்ம பக்கத்துத் தோட்டத்துலயே பாக்கறனே. ஆனா எல்லா விவசாயிக்கும் இலவசம்னு ஆனது 1990ல. நாயுடு அதைப் பாக்கவே இல்ல, 1984லயே போய்ச் சேந்துட்டாரு. அன்னைக்குக் கேட்டது ஏத்துன காசைக் கொறைங்கன்னுதான்.

பிரவீன் (பெங்களூர்): ம்ம். இது எனக்குத் தெரியாதுங்க.

கவின்: அத்த, அந்தக் கடையாணி இருக்குதுங்களா?

அருணா அத்தை: ஒண்ணு இருக்குது. கட்டுத்தரையில முளையா அடிச்சு வெச்சிருக்குது. புடுங்கிக் கழுவிப் படம் அனுப்பட்டா?

ஆத்தா: புடுங்கீராத. ஆட்டுக்குட்டி கட்டியிருக்குது.