மறுமொழி: சைட்கார் பிராக்சிக்குத் தமிழ்ச் சொல்

நண்பர்களுக்கு வணக்கம். சைட்கார் பிராக்சி என்பது ஒரு சேவையின் அருகிலேயே ஓடி, அதற்கு வருவதையும் அதிலிருந்து போவதையும் அதன் சார்பில் கையாளும் நிரல். அதற்கு வந்த யோசனைகளில் ஒன்று:

> பக்கவண்டிப் பதிலி என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

நெருக்கம்தான். ஆனால் மூலச் சொல்லே ஓர் உவமை, அதுவும் அரைகுறை உவமை. மோட்டார் சைக்கிளில் ஒட்டிய சைட்கார் என்னும் பெட்டிக்கு இயந்திரம் கிடையாது. வண்டி இழுத்த பக்கம் போகும். நாம் பெயர் தேடும் நிரலோ தனியாக ஓடுகிறது, தனியாக விழுகிறது. அது விழுந்தால் கூடவே இருக்கும் சேவைக்கு வெளியுலகத்தோடு பேச்சே அற்றுப்போகும். போதாக்குறைக்கு, நம் மொழிபெயர்ப்புக் கோப்புகளில் "பக்கம்" என்றாலே இணையப் பக்கம்.

"துணைப்பதிலி"யும் எனக்கு ஒப்பவில்லை. துணைத்தலைவர், துணையாசிரியர் என்று பழகிய காதுக்கு, முதன்மைப் பதிலி வேறெங்கோ இருக்கிறது என்றே படும்.

நான் முன்வைப்பது: உடனுறைப் பதிலி.

இந்த நிரலின் சிறப்பு அது குடியிருக்கும் இடத்தில் இருக்கிறது. நிரல்களைப் பல கணினிகளில் ஓட்டி மேலாளும் குபெர்னெட்டிஸில் சேவையும் பதிலியும் ஒரே பாட் என்னும் கூட்டுக்குள் இருந்து, ஒரே வலையமைப்பைப் பகிர்ந்துகொள்கின்றன. 127.0.0.1 என்பது தன்னையே குறிக்கும் முகவரி; இரண்டுக்கும் அது சொந்த வீடு. இப்படிப்பட்ட பதிலிகளால் சேவைகளை இணைப்பது சேவைப் பின்னல் (சர்வீஸ் மெஷ்). அத்தகைய மென்பொருளான இஸ்டியோவில், உள்ளே வரும் போக்குவரத்தை இயங்குதளத்தின் கருவான கெர்னலின் விதிகள் மடக்கி, என்வாய் என்னும் பதிலியின் 15006ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு எண்ணுக்கு) திருப்புகின்றன. வெளியே போவது 15001 வழியாகப் போகிறது. சேவையின் நிரலில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை.

2022இல் இஸ்டியோ அறிவித்த ஆம்பியன்ட் முறையில் பதிலி கூட்டுக்கு ஒன்றாக இல்லாமல் கணுவுக்கு, அதாவது கூடுகள் ஓடும் கணினிக்கு, ஒன்றாக இருக்கிறது. அதைக் கணுப்பதிலி என்று சொல்லிவிடலாம். "பதிலி" அப்படியே நிற்க, அடைமொழி மட்டும் இருப்பிடத்தைச் சொல்லட்டும்.

"வாயில்" என்ற யோசனையில் நானும் இரண்டு நாள் மயங்கிக் கிடந்தேன். தொல்காப்பியத்தின் கற்பியல் தோழி, பாணன் முதலிய பன்னிருவரை வாயில்கள் என்கிறது. இருவருக்கிடையே சொல் கொண்டுபோகிறவர்கள். பொருத்தம் அபாரம். ஆனால் வலையமைப்பின் எல்லையில் நிற்கும் கேட்வேக்கு நுழைவாயில் என்று ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே. சேவைப் பின்னலில் இரண்டும் ஒரே வரைபடத்தில் வரும், படிப்பவர் பாவம்.

அடுத்தது, சேவை முனையை வெளியே தெரியவைக்கும் (எக்ஸ்போஸ்) வினைச்சொல். "வெளிப்படுத்து" என்றால் ரகசியம் கசிந்தது போலிருக்கிறது. "புறங்காட்டு" என்று எழுதிய நண்பர் மன்னிக்க வேண்டும்: தமிழில் அது போர்க்களத்திலிருந்து ஓடுவது. எளிய "திறந்துவை" போதும் என்பேன். யாருக்கு, எதுவரை என்று அளவு சொல்ல அது இடம் கொடுக்கிறது. இன்னொரு சேவைப் பின்னல் மென்பொருளான கான்சலின் அமைவுக் கோப்பு ஒன்றை விளக்கி எழுதிப் பார்த்தேன்:

"சேவை 127.0.0.1 முகவரியின் 8080ஆம் போர்ட்டில் மட்டும் காத்திருக்கிறது. உடனுறைப் பதிலி, வரும் இணைப்பின் சான்றிதழைச் சரிபார்த்து, அனுமதி உள்ளதை மட்டும் அங்கே அனுப்புகிறது. நலச் சோதனை செய்யும் நிரலிடம் பின்னலின் சான்றிதழ் இல்லை. ஆகவே அந்தச் சோதனைக்கான ஒரு பாதையை மட்டும் சான்றிதழ் கேட்காமல் 21500ஆம் போர்ட்டில் திறந்துவைக்கிறோம்."

தடுக்காமல் படிக்க முடிகிறதா? கடைசி வாக்கியத்தில் "மட்டும்" விழுந்துவிட்டால் பொருளும் பாதுகாப்பும் சேர்ந்து போய்விடும். மெய்ப்புப் பார்ப்பவர் அந்த இடத்தில் சற்று நிற்கவும்.

லிசன் என்பதற்கு "காத்திருக்கிறது" என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. "கேட்கிறது" என்றால் செவிமடுப்பதா, வேண்டுவதா என்று தெரியாது. சேவையகத்தையும் அதன் வாடிக்கையாளரையும் ஒரே வினையில் அடைத்துவிடும். ஆனால் வினை கிடைத்தாலும் பெயர்ச்சொல் வரவில்லை. "காத்திருப்பி" என்று எழுதிப் பார்த்து நானே அழித்துவிட்டேன். இப்படி இணைப்புக்குக் காத்திருக்கும் லிசனருக்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?