கிருஷ்ணகிரி அணை: தூரத்துப் பறவைப் படங்கள் கலங்கலாக வருகின்றன, உதவுங்கள்

வணக்கம். வலசை வந்த வாத்துகள் கிளம்பிவிட்டன. இனி அணையில் நீர் வடிந்து மண்திட்டுகள் தெரியும். மார்ச் முதல் மே வரை ஆற்று ஆலா என்னும் நீர்ப்பறவைகள் முட்டையிடும் காலம். குளிர்காலம் முழுக்க இதற்காகத்தான் காத்திருந்தேன். ஆனால் படம் சரியாக விழுவதில்லை.

கேமரா ஏபிஎஸ்-சி (சற்றே சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர், லென்ஸ் 150-600 மி.மீ. ஜனவரியில் எல்லாம் கச்சிதமாக வந்தது. மாசிக் கடைசியிலிருந்து, காலை ஒன்பது மணிக்கு மேல் தூரத்துப் பறவைகள் கலங்கிவிடுகின்றன. ஆலாவின் மஞ்சள் அலகு ஓரம் இரட்டையாகத் தெரிகிறது. அடுத்தடுத்த படங்களிலேயே கலங்கல் கூடிக் குறைகிறது. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்த மீன்கொத்தியோ இறகு இறகாகத் தெளிவு.

முக்காலி போட்டேன், ஷட்டரை 1/2000 வரை ஏற்றினேன். யூவி ஃபில்டரைக் கழற்றியும், லென்ஸின் அதிர்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசரை அணைத்தும், லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்தும் பார்த்தாயிற்று. அப்புறம் ஃபோகஸ் பிசகைத் திருத்தும் ஃபைன் டியூனும். பலனில்லை. திட்டுக்கு அருகில் போக மனமில்லை. பறவை எழுந்துவிட்டால் முட்டை வெயிலில் வேகும்.

லென்ஸை சர்வீசுக்கு பெங்களூரு அனுப்பினால் திரும்பி வருவதற்குள் சீசன் முடிந்துவிடும். இது லென்ஸ் கோளாறா, வெயில் சூட்டில் காற்று நெளியும் வெறும் கானலா என்று நானே உறுதிசெய்துகொள்ள என்ன சோதனை செய்யலாம்?