சூடானதும் அணைகிறது, ஆறியதும் ஓடுகிறது: பம்ப்பை மாற்றலாமா?

பழையவண்டி (கேட்டவர்):

வணக்கம். என்னிடம் இருப்பது 2003-ஆம் ஆண்டு தயாரான பெட்ரோல் கார். இன்ஜெக்‌ஷன் வகை, நான்கு சிலிண்டர், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. ஆயில் மாற்றுவதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. அதுவும் என்னை நடுவழியில் விட்டதில்லை, பத்து நாட்களுக்கு முன்புவரை.

அன்று நாற்பது நிமிடம் ஓட்டியபின், சிக்னலுக்காக வேகம் குறைத்தபோது எஞ்சின் நின்றது. இருமவில்லை, திணறவில்லை, விளக்கை அணைத்ததுபோல் நின்றது. செல்ப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றமாட்டேன் என்கிறது. ஓரமாகத் தள்ளி நிறுத்தி, பானட்டைத் திறந்துவைத்து, ஒன்றும் புரியாமல் உள்ளே வெறித்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது! அதன்பின் மூன்று முறை இதே கதை. காலையில் கிளப்பும்போது ஒருமுறைகூட மக்கர் செய்ததில்லை.

மெக்கானிக்கின் பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அவர் முதலில் பிளக் நான்கையும் மாற்றினார், அடுத்து பியூயல் பில்டரை மாற்றினார். இப்போது பியூயல் பம்ப்பை மாற்றவேண்டும் என்கிறார். செல்ப் அடிக்கும்போது பின்சீட்டுக்கு அடியிலிருந்து பம்ப் சத்தம் வரவில்லை என்று நான்தான் அவரிடம் சொன்னேன், அதைப் பிடித்துக்கொண்டார். வெப்பமானி முள் நடுவில்தான் நிற்கிறது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. பம்ப்பை மாற்றிவிடலாமா?

மூன்றாம்கியர்:

பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். டேங்கைக் கழுவிவிட்டு, இன்ஜெக்டர் கிளீனர் ஒரு பாட்டில் ஊற்றிப் பாருங்கள். எனக்கு அப்படித்தான் சரியானது.

எண்ணெய்க்கை:

தண்ணீர் கலந்திருந்தால் காலையிலும் படுத்தியிருக்கும், ஓடும்போது குலுங்கியிருக்கும். சூட்டுக்கு மட்டும் தண்ணீர் தலைகாட்டாது. கிளீனரை அப்படியே வையுங்கள்.

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "இருமவில்லை, திணறவில்லை" என்ற இரண்டு சொற்கள். பெட்ரோல் குறைந்து நிற்கும் எஞ்சின் பெரும்பாலும் சாகுமுன் கொஞ்சம் தத்தளிக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுக்காது, ஓரிரு முறை வெட்டும். சொல்லாமல் கொள்ளாமல் அணைவது மின்சாரப் பக்கத்துக் கோளாறின் குணம். சூட்டில் போய் ஆறியதும் திரும்புவதும் அதே பக்கத்தைத்தான் காட்டுகிறது.

பம்ப் சத்தத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இதில் நானே ஒருகாலத்தில் ஏமாந்திருக்கிறேன். உங்கள் வகை வண்டிகள் பலவற்றில் பம்ப்புக்கு மின்சாரம் விடுவது எஞ்சின் கம்ப்யூட்டர். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் ஏறக்குறைய இரண்டு வினாடி மட்டும் ஓடவிட்டு நிறுத்திவிடும். பிறகு கிராங்க், அதாவது எஞ்சினின் சுழல்தண்டு, சுற்றுகிறது என்ற தகவல் வந்தால்தான் மறுபடி ஓடவிடும். விபத்தில் எஞ்சின் நின்றபின் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. ஆகவே அந்தத் தகவலைத் தரும் கிராங்க் சென்சார் செத்தால் பம்ப்பும் ஊமையாகும், பிளக்கில் தீப்பொறியும் இருக்காது, இன்ஜெக்டரும் திறக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் போகும். பம்ப் மௌனமாக இருப்பதைப் பார்த்துப் பம்ப்பை மாற்றினால் பணம்தான் தண்டம்.

செய்யவேண்டியது இதுதான். நாளைக் காலை, வண்டி குளிர்ந்திருக்கும்போது, செல்ப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளை (எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டுவது) பாருங்கள். சுற்றும்போதே கொஞ்சம் எழுந்து நிற்கும், 200 அல்லது 300 அளவுக்கு. சில வண்டிகளில் நல்ல நிலையிலும் எழாது; அதனால்தான் முதலில் உங்கள் வண்டியின் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். அடுத்தமுறை வண்டி நிற்கும்போது அதே முள்ளை மறுபடி பாருங்கள். கூடவே ரேடியோவை அணைத்துவிட்டு, சாவியை ஆன் செய்தவுடன் அந்த இரண்டு வினாடி முனகல் வருகிறதா என்று கேளுங்கள்.

ஒயர்பித்து:

கிராங்க் சென்சார் மீது பழிபோடும் முன், பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயைப் பாருங்கள். இருபது ஆண்டு ஆன ரிலேக்குள் ஈயப்பற்று மயிரிழை அளவுக்கு விரிசல் விட்டிருக்கும். சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். சோதிப்பது சுலபம். பியூஸ் பெட்டியில் ஹாரனுக்கோ ரேடியேட்டர் விசிறிக்கோ இருக்கும் ரிலேயின் எண்ணும் கால்களின் அமைப்பும் அச்சாக ஒன்றாக இருந்தால் இடம் மாற்றிச் செருகுங்கள். ஹாரன் வேலை செய்யாமல் போனால் குற்றவாளி கையோடு பிடிபட்டான். விசிறியின் ரிலேயை மாற்றினால் மட்டும் வெப்பமானியில் ஒரு கண் இருக்கட்டும்.

நான்குமுழம்:

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். ஓடும்போது எஞ்சின் நின்றால் பதற்றத்தில் சாவியை முழுதாகத் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டியரிங் கனக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கைச் சும்மாச் சும்மா மிதித்து விடக்கூடாது. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மீதமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத்தான் வரும், அதன்பின் கல்லாக இறுகிவிடும். ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள். கோளாறு தெரியும்வரை வேகச்சாலைக்குப் போகவேண்டாம்.

பழையவண்டி:

எல்லோருக்கும் நன்றி. சொன்னபடியே செய்தேன்.

குளிர்ந்த நிலையில் செல்ப் அடித்தால் முள் 200-க்குச் சற்று மேலே எழுகிறது. ரிலேயை ஹாரனுடையதோடு மாற்றினேன். நேற்று மாலை வண்டி மறுபடி நின்றது, ஹாரன் தாராளமாக அடிக்கிறது. அப்படியானால் ரிலே இல்லை.

நின்ற நேரத்தில் செல்ப் அடித்தேன். முள் அசையவே இல்லை, படுத்தபடி கிடந்தது. சாவியை ஆன் செய்தபோது பின்னாலிருந்து "ம்ம்ம்" என்ற முனகல் இரண்டு வினாடி தெளிவாக வந்தது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்கேனரையும் (எஞ்சின் கம்ப்யூட்டரைப் படிக்கும் கருவி) செருகிப் பார்த்தேன். செல்ப் சுற்றும்போதே அதில் ஆர்பிஎம் பூஜ்யம் என்றுதான் காட்டியது. கம்ப்யூட்டரின் நினைவில் பி0335 என்று ஒரு கோளாறுக் குறியீடு பதிந்திருக்கிறது.

எண்ணெய்க்கை:

முனகல் வந்ததால் பம்ப் தப்பித்தது. முள் படுத்துக்கிடந்ததால் கிராங்க் தகவல்தான் வரவில்லை. பி0335 என்றால் கிராங்க் சென்சார் சுற்றில் கோளாறு. சுற்றில் என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சென்சார், கனெக்டர், அங்கிருந்து கம்ப்யூட்டர்வரை போகும் ஒயர் எல்லாம் அதில் அடக்கம்.

சென்சாரில் இரண்டு ஒயர் இருந்தால் பெரும்பாலும் காந்தச் சுருள் வகை. கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) அளந்து, சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். குளிர்ச்சியில் ஒருமுறை, நின்றுபோன சமயத்தில் ஒருமுறை அளக்கவேண்டும். சூட்டில் ஓம் கொஞ்சம் கூடுவது இயல்பு. முடிவிலி காட்டினால் உள்ளே சுருள் அறுந்திருக்கிறது. மூன்று ஒயர் இருந்தால் ஹால் வகையாக (மின்சாரம் கொடுத்தால் காந்தத்தை உணரும் சில்லு) இருக்கலாம்; அதை ஓம் வைத்து அளக்காதீர்கள், மின்னழுத்தம் வருகிறதா என்றுதான் பார்க்கவேண்டும்.

மூன்றாம்கியர்:

இவ்வளவு அளப்பானேன்? சென்சாரை வாங்கி மாட்டிவிட்டால் தீர்ந்தது.

பழையவண்டி:

மூன்றாம்கியர் சொன்னதைக் கேட்டுவிட்டேன். அளக்கப் பொறுமை இல்லாமல் புதுச் சென்சாரை மாட்டினேன். இரண்டு நாள் ராஜாவாக ஓடியது. மூன்றாம் நாள் அதே இடத்தில், அதே சிக்னலில், அதே மாதிரி நின்றது. முள்ளும் படுத்துக்கொண்டது.

எண்ணெய்க்கை:

சரி, போனது போகட்டும். இப்போது ஒயரைப் பாருங்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, கம்ப்யூட்டர் பக்கக் கனெக்டரையும் சென்சார் பக்கக் கனெக்டரையும் பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு ஒயரின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்து, ஒருவர் எண்ணைப் பார்க்க, மற்றவர் ஒயரை அங்குலம் அங்குலமாக வளைத்து ஆட்டிக்கொண்டே வரவேண்டும். எண் துள்ளும் இடம்தான் நோய். சைலன்சர் குழாய் அருகே போகும் பகுதியை விடாமல் பாருங்கள், ஆனால் அது ஆறியபின் கை வையுங்கள்.

பழையவண்டி:

கிடைத்துவிட்டது!

என் மகள் மீட்டரைப் பிடித்துக்கொண்டாள், நான் கீழே படுத்தேன். சென்சாரிலிருந்து ஒரு முழ தூரத்தில் ஒயர்க்கட்டைத் தாங்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து, கட்டு தொங்கிப்போய்ச் சைலன்சர் குழாய்க்கு இரண்டு விரற்கடை தள்ளி நின்றிருந்தது. வெளியே பார்க்க ஒயர் முழுசாகத்தான் இருந்தது. அந்த இடத்தை வளைத்ததும் "அப்பா, ஒன்றுமே காட்டவில்லை" என்றாள். விட்டதும் "இப்போது காட்டுகிறது" என்றாள். நான்கைந்து முறை செய்து பார்த்தோம், அவளுக்கு விளையாட்டாகிவிட்டது. நகத்தால் கீறினேன், மேலுறை காய்ந்த சருகுபோல் உதிர்ந்தது. உள்ளே செம்பு இழைகள் கருகி அறுந்து, ஒன்றிரண்டு மட்டும் முனைக்கு முனை தொட்டுக்கொண்டிருந்தன. குளிர்ச்சியில் தொடும், சூட்டில் விலகும் போலிருக்கிறது.

வெட்டிவிட்டு டேப் சுற்றினால் போதுமா?

ஒயர்பித்து:

போதாது. டேப் அந்தச் சூட்டில் உருகி வழுக்கும். கருகிய பகுதியை நல்ல செம்பு தெரியும்வரை வெட்டி எறியுங்கள். அதே தடிமனில் வெப்பம் தாங்கும் ஒயரை ஈயம் வைத்து இணைத்து, சூடுபட்டால் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள். சென்சார் ஒயரைச் சுற்றி வலைக்கம்பி உறை இருந்தால் அதையும் விட்டுவிடாமல் தொடருங்கள். இல்லையென்றால் பிளக் காயிலின் இரைச்சல் சிக்னலில் கலந்து, புதுத் தலைவலி வரும். புதுக் கிளிப் போட்டுக் கட்டைக் குழாயிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். அந்தக் கிளிப் இல்லாவிட்டால் இந்த வேலை வீண்.

பழையவண்டி:

அப்படியே செய்தேன். பன்னிரண்டு நாளாகிறது. நேற்று வேண்டுமென்றே நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தேன். ரேடியேட்டர் விசிறி பலமுறை ஓடி நின்றது, எஞ்சின் நிற்கவில்லை. மெக்கானிக்கிடம் வெட்டிய ஒயர்த்துண்டைக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கழற்றிய பழைய சென்சாரைச் சூடாக்கி அளந்தேன், ஓம் சரியாகவே இருக்கிறது. அதை என்ன செய்வது?

எண்ணெய்க்கை:

துடைத்து, தாளில் சுற்றி, டேஷ்போர்டு அறையில் போட்டுவையுங்கள்.