பெரிய வங்கியை விட்டு டவுன் பேங்க், சொசைட்டிக்கு மாறியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

காவிரிக்கரை:

அப்பாவுக்குக் கை நடுக்கம். பணம் எடுக்கப் போனால் கையெழுத்து பொருந்தலைன்னு ஃபார்மைத் திருப்பித் தர்றதே வழக்கமாப் போச்சு. கடைசியாப் போனப்ப கவுன்டர்ல இருந்த பையன் கம்ப்யூட்டர் திரையை அப்பா பக்கம் திருப்பி, "இந்த மாதிரி போடுங்க பெரியவரே"ன்னான். அப்பா வேலையில இருந்த காலத்துல போட்ட கையெழுத்து. கடைசி எழுத்தோட கோடு நீளமா இழுத்து, கீழே ரெண்டு புள்ளி. அப்பா அதையே பார்த்துக்கிட்டு நின்னார். அப்புறம் அதே மாதிரி போடப் பார்த்தார், பேனா காகிதத்தைக் கிழிச்சிடுச்சு. பின்னாடி வரிசையில ஒருத்தர் "சீக்கிரம்"ன்னார்.

சேமிப்பையும் டெபாசிட்டையும் எங்க ஊர் டவுன் பேங்குக்கு, அதாவது நகரக் கூட்டுறவு வங்கிக்கு, மாத்திட்டோம். அங்கே மேனேஜர் அம்மா இங்க் பேடை எடுத்துக்கிட்டு வெளியே வந்து, பெஞ்சுல அப்பா பக்கத்துல உட்கார்ந்து ரேகை வாங்கினாங்க. அவங்களே ஒரு சாட்சிக் கையெழுத்து போட்டாங்க. நகைக்கடன் வாங்க வந்திருந்த ஒருத்தரை இன்னொரு சாட்சியாக் கூப்பிட்டாங்க.

பணம் பத்திரமா இருக்கான்னு யோசிச்சுத்தான் மாத்தினோம். இருந்தாலும் அந்தத் திரையைத் திருப்பினது மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேங்குது. மத்தவங்க எப்படி மாறினீங்க?

நெல்வயல்:

எனக்கு நகைக்கடன் விஷயம். வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிற வழக்கம் போய், முழுத்தொகையையும் கட்டி மீட்ட பிறகுதான் மறுபடி அடகு வைக்கலாம்னு சொல்லிட்டாங்க. நாத்து நடுற நேரம், கையில காசு எங்கே இருக்கும்? கடைத்தெருவுல நாள் வட்டிக்கு வாங்கிக் கட்டினேன். நகையை மதிப்பிடுற அப்ரைசர் பையைப் பிரிச்சு என் மனைவியோட சங்கிலியைத் தட்டுல வைச்சார். எடை போட்டார். அவ கையை நீட்டினா. அதுக்குள்ள புதுச் சீட்டுல கையெழுத்து வாங்கி, அதே பையில போட்டு மறுபடி சீல் வைச்சிட்டாங்க. ஒரு தடவை தொட்டுக்கூடப் பார்க்கலை.

இப்போ எங்க கடன் சங்கத்துல வைச்சிருக்கேன். கிராமுக்குக் கொஞ்சம் குறைச்சுத்தான் தர்றாங்க, அப்ரைசர் எல்லா நாளும் வர்றதில்லை. ஆனா வட்டி கட்டித் திருப்பி வைக்க விடுறாங்க. எனக்கு அது போதும்.

ஓய்வு பெற்றவன்:

காவிரிக்கரை அவர்களுக்கு. நான் பொதுத்துறை வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அப்பாவுக்கு நடந்தது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரேகை வாங்கியது டவுன் பேங்க் காட்டிய தனிச் சலுகை என்று நினைத்துவிட வேண்டாம். முதுமையாலோ நோயாலோ கையெழுத்துப் போட முடியாதவரிடம் ரேகை பெற்றுப் பணம் தரலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், ஒருவர் வங்கியின் பொறுப்பான அதிகாரியாக இருக்க வேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்ன வழிமுறை, பெரிய வங்கிக்கும் பொருந்தும். 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பணம் தரும் வசதி செய்யச் சொல்லி 2017லேயே அறிவுறுத்தல் வந்துவிட்டது.

என் கவுன்டருக்கு ஒரு பாட்டி வருவார். கையெழுத்து நாளுக்கு ஒரு விதமாக இருக்கும். நான் எழுந்து போய் மேலாளரை அழைத்து வருவேன், அவ்வளவுதான் வேலை. இன்று கிளையில் ஆளே இல்லை. இருக்கிற ஒரு பையனும் திரையை விட்டு எழ முடியாது. அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள்.

அடுத்த தடவை இப்படி நடந்தால் எழுத்தில் புகார் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனுக்கு (வங்கிப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) இலவசமாக எழுதலாம். 14448க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அப்பா பெயரோடு உங்கள் பெயரையும் சேர்த்து, இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று கணக்கை மாற்றுங்கள். நாமினி இருக்கிறதா என்று பாஸ்புக்கின் முதல் பக்கத்தைப் பாருங்கள். டவுன் பேங்கிலும் இதையெல்லாம் செய்து வையுங்கள். அந்த மேனேஜர் அம்மா மாற்றலாகிப் போய்விட்டால் அடுத்து வருபவர் எப்படியோ.

தாராவி 90:

மேலே எல்லாரும் பெஞ்சு, இங்க் பேடுன்னு பேசுறீங்க. மும்பையில என் சித்தப்பா காசு போட்டிருந்த கூட்டுறவு வங்கியிலயும் எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க, டீ கூடக் கொடுப்பாங்க. ஒரு நாள் காலையில ஷட்டர் பாதி இறங்கியிருந்தது, அதுல ஒரு நோட்டீஸ். சித்தப்பாவுக்கு மராத்தி பேச வரும், படிக்க வராது. பக்கத்துல நின்ன காலேஜ் பொண்ணுகிட்ட படிக்கச் சொன்னார். அந்தப் பொண்ணு படிச்சு முடிச்சதும் அவரைப் பார்த்து ஒண்ணும் சொல்லாம போனை எடுத்து அவங்க அப்பாவைக் கூப்பிட்டுச்சு. அதுலயே அவருக்குப் புரிஞ்சிருச்சு.

அதனால கொஞ்சம் நீளமாச் சொல்றேன், பொறுத்துக்கோங்க. 2019 செப்டம்பர்ல மும்பையில இருந்த பிஎம்சி (பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு) வங்கிக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு போட்டப்ப முதல்ல எடுக்க விட்டது ஆயிரம் ரூபாய்தான். பிறகு படிப்படியா உயர்த்தினாங்க. 2022 ஜனவரியில அது வேற வங்கியோட இணைஞ்சுது. கட்டுப்பாடு போட்ட 2019ல, வங்கி விழுந்தா டெபாசிட்தாரருக்குக் கிடைக்கிற காப்பீடு ஒரு லட்சம்தான். 1993லிருந்து அதே தொகை. 2020 பிப்ரவரியிலதான் 5 லட்சம் ஆச்சு. 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கட்டுப்பாட்டுல விழுந்த வங்கியோட டெபாசிட்தாரருக்குக் காப்பீட்டுப் பணத்தை 90 நாளுக்குள்ள கொடுக்கணும்.

அந்த 5 லட்சம் அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியில பல கிளையில போட்டாலும் எல்லாத்தையும் கூட்டித்தான் கணக்கு. அப்பா பேர்ல தனியா ஒண்ணு, அப்பா அம்மா சேர்ந்து ஒண்ணுன்னா அது ரெண்டும் தனித்தனி. டவுன் பேங்க், மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, மாநில கூட்டுறவு வங்கி எல்லாத்துக்கும் இந்தக் காப்பீடு உண்டு. பிரீமியத்தை வங்கிதான் கட்டும், நம்மகிட்ட வாங்கக் கூடாது. நெல்வயல், நீங்க சொல்ற தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கு இது கிடையாது. நிதி லிமிடெட்னு போர்டு வைச்சிருக்கிற கம்பெனிகளுக்கும் கிடையாது. நகை வைக்கிறது வேற, ஆயுசுக்கும் சேர்த்த பணத்தை டெபாசிட் போடுறது வேற. ஒரே இடத்துல 5 லட்சத்துக்கு மேல போடாதீங்க, அரை சதவீதம் கூடுதல் வட்டின்னு சொன்னாலும் போடாதீங்க.

தென்னந்தோப்பு:

தாராவி 90, காப்பீடு பற்றி நீங்கள் சொன்னது சரி. சங்கத்துக்கு அது இல்லை என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது, தெரிய வேண்டும். ஆனால் மும்பையில் ஒரு வங்கி விழுந்ததை வைத்து எங்கள் சங்கத்தை அளக்காதீர்கள்.

2018 நவம்பர், கஜா புயல். எங்கள் பக்கம் தென்னை எல்லாம் வேரோடு சாய்ந்து கிடக்கிறது. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ஏடிஎம் இருட்டாக நிற்கிறது. கடைக்காரர்கள் ரொக்கம் இல்லாமல் எதுவும் தரவில்லை. டவுனில் இருந்த பெரிய வங்கிக் கிளையில் சர்வர் வந்தால்தான் பணம் என்றார்கள். சங்கத்தில் செயலாளர் மேசையை ஜன்னல் ஓரம் இழுத்துப் போட்டு, பேரேட்டைப் பிரித்து, விரலை வைத்து வரி வரியாகப் பார்த்து இருப்பைச் சொன்னார். பணம் கொடுத்துவிட்டுப் பாஸ்புக்கில் கையால் எழுதினார். அவர் வீட்டுக் கூரையே அன்று இல்லை. என் பாஸ்புக்கில் அந்த வரி நீல மையில் இன்னும் இருக்கிறது.

1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்த அதே ஆண்டில் திருவள்ளூர் பக்கம் திரூரில் கடன் சங்கம் தொடங்கினார்கள். காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கி தொடங்கியதும் அதே ஆண்டுதான். கந்துவட்டிக்காரனிடமிருந்து விவசாயியை மீட்கத்தான் இதெல்லாம் வந்தது. தவணைக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு இன்றும் எங்களிடம் வட்டி வாங்குவதில்லை, அதை அரசு ஏற்கிறது. 2021இல் 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி ஆனதும் கூட்டுறவு வழியாகத்தான். பெரிய வங்கியில் கடன் வாங்கியிருந்த பக்கத்து வயல்காரருக்கு அது கிடைக்கவில்லை.

குறை இருக்கிறது. 2018இல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் காலம் 2023இல் முடிந்து அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் நிர்வாகம் போனது. உறுப்பினர் கேள்வி கேட்கிற இடம் பேரவைக் கூட்டம். அங்கே போய் வரவு செலவைக் கேட்கிறவர்கள் எங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். நான் கேட்கிறேன்.

ஸ்காபரோ:

நான் டொரோண்டோ. நீங்கள் சொல்லுற கூட்டுறவு வங்கி மாதிரியானதை இஞ்ச கிரெடிட் யூனியன் எண்டு சொல்லுறது. சொந்தமா ட்ரக் ஓடுறன். வீட்டுக்கடன் கேட்டுப் பெரிய வங்கிக்குப் போனா, சம்பளச் சீட்டு இல்லை எண்டு கம்ப்யூட்டர் இல்லை சொல்லிப்போட்டுது. கதைக்கிறதுக்கே ஆள் இல்லை. கிரெடிட் யூனியன்ல ஒரு மனுசி என்ர வரிக் கடதாசியளை மேசையில பரப்பி வச்சு, டீசல் செலவு எவ்வளவு, டயர் எப்ப மாத்தினனீங்கள் எண்டு கேட்டா. ட்ரக்கைப் பற்றி ஒரு வங்கி ஆள் என்னட்டக் கேட்டது அதுதான் முதல் தரம். கடன் கிடைச்சுது. வட்டி அப்பிடிப் பெரிசாக் குறைவில்லை.

காப்பீட்டைப் பற்றிக் கதைச்சவருக்கு: ஒன்டாரியோவில கிரெடிட் யூனியன் வைப்புக்கு இரண்டரை லட்சம் டொலர் வரைக்கும் மாகாணக் காப்பீடு இருக்கு. பெரிய வங்கியளுக்கு ஒரு வகைக்கு ஒரு லட்சம்தான். ஊருக்கு ஊர் சட்டம் வேற.

மெட்ராஸ் வெயில்:

மாறப் போறவங்களுக்கு ஒரே ஒரு விஷயம். என் மைத்துனர் புதுக்கணக்கு ஆரம்பிச்ச கையோட பழைய கணக்கை மூடிட்டார். கவுன்டர்ல "எல்லாம் தானா மாறிடும்"னு சொல்லியிருக்காங்க. எதுவும் மாறலை. கேஸ் மானியம் நின்னுடுச்சு. அக்காவோட எல்ஐசி பிரீமியம் பழைய கணக்குல எடுக்கப் பார்த்துத் திரும்பிடுச்சு. அவர் கணக்கு ஆரம்பிச்ச வங்கி ஜிபே பட்டியல்லயே இல்லை. மளிகைக்கடையில பில் போட்ட பிறகு போனைத் தடவிக்கிட்டே நின்னார், அக்கா வளையலுக்குப் பக்கத்துல சொருகி வைச்சிருந்த இருநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்தா. வீட்டுக்கு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கலை.

அரசுப் பணம் எந்தக் கணக்குக்கு வரும்னு முடிவு பண்றது ஆதார் இணைப்பு. கடைசியா எந்த வங்கியில நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் கொடுத்தீங்களோ அங்கேதான் போகும். புது வங்கியில அதுக்குத் தனி ஃபார்ம் கேட்டு வாங்கி எழுதிக் கொடுங்க. யூபிஐ இருக்கா, சொந்த ஐஎஃப்எஸ்சி இருக்கா, இல்ல வேற வங்கியோடதான்னு கணக்கு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஈஎம்ஐ, பிரீமியம் எல்லாம் ஒரு சுற்று புதுக்கணக்குல போன பிறகு பழையதை மூடுங்க. அதுவரைக்கும் அதுல மினிமம் பேலன்ஸ் வைச்சிருங்க. அபராதம் போட்டுக் கணக்கை மைனஸுக்குக் கொண்டு போகக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. போட்டிருந்தா அந்த விதியைச் சொல்லி எழுதிக் கேளுங்க, அக்கா கேட்டுத் திரும்ப வாங்கினா.