தாய்லாந்து இங்கிலீஷ் டீச்சர் வேலை: ஏஜென்சி பாஸ்போர்ட்டை பிடிச்சு வெச்சிருக்கு, ஸ்கூல் மாறணும், என்ன பண்றது?

மதுரைப்பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் பெரிய பதிவு, பொறுமையா படிங்க ப்ளீஸ், இங்க பக்கத்துல இதைப் பேசறதுக்கு தமிழ் ஆளு ஒருத்தர் கூட இல்ல.

நான் எம்.ஏ. இங்கிலீஷ், பி.எட். தாய்லாந்து வந்து ரெண்டாவது வருஷம் ஓடுது. வடகிழக்குல ரோயெத் மாகாணம், டவுன்லேர்ந்து ரொம்ப தள்ளி ஒரு கவர்மென்ட் ஸ்கூல்ல இங்கிலீஷ் எடுக்கிறேன். ஆனா எனக்கு சம்பளம் தர்றது ஸ்கூல் இல்ல, பாங்காக்ல இருக்கிற ஒரு ஏஜென்சி, பேர் சொல்ல விரும்பல. மாசம் 22,000 பாத். அதே வேலையை பக்கத்து கிளாஸ்ல பாக்கிற இங்கிலாந்துக்காரருக்கு 35,000. அதைக்கூட நான் பெருசா எடுத்துக்கல, வந்த வரைக்கும் நல்லதுன்னு இருந்தேன். சேர்ந்த முதல் ரெண்டு மாசமும் டெபாசிட்டுன்னு சொல்லி 5,000, 5,000 பிடிச்சாங்க, ஒப்பந்தம் முடிஞ்சதும் தர்றோம்னாங்க.

இந்த மார்ச் 31-ஓட ஒப்பந்தம் முடியுது. மே மாசத்துலேர்ந்து கோன் கேன்ல ஒரு பிரைவேட் ஸ்கூல்ல நேரடியாவே வேலை கிடைச்சிருக்கு, 28,000 பாத், லீவு மாசத்துக்கும் சம்பளம் உண்டு. அதை ஏஜென்சில சொன்னதுலேர்ந்து பிரச்சனை. ரெனியூ பண்ணலைன்னா டெபாசிட் கிடையாது, மார்ச் சம்பளமும் கிடையாது, மேல 20,000 பாத் நீ எங்களுக்கு கட்டணும், இல்லைன்னா உன் விசாவை கேன்சல் பண்ணி பிளாக்லிஸ்ட்ல போட்டுருவோம், அப்புறம் தாய்லாந்துக்குள்ளயே கால் வைக்க முடியாதுன்னு சொல்றாங்க.

இதுல பெரிய பயம் என்னன்னா என் பாஸ்போர்ட் அவங்ககிட்ட இருக்கு. விசா நீட்டிக்கணும்னு போன வருஷம் வாங்கினாங்க, திருப்பி தரவே இல்ல. அக்டோபர் லீவுல நேர்ல போய் கேட்டேன். ஒரு இரும்பு பீரோவைத் திறந்தாங்க, உள்ள பாஸ்போர்ட்டா ரப்பர் பேண்ட் போட்டு கட்டுகட்டா இருக்கு, எங்க அப்பா போட்டுக் குடுத்த பச்சை பிளாஸ்டிக் கவர் ஒரு கட்டுக்கு நடுவுல நீட்டிக்கிட்டு தெரியுது. கண்ணு முன்னாடியே பீரோவை மூடிட்டு, சேஃபா இருக்கு கவலைப்படாதன்னு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு பஸ்ல ஏழு மணி நேரமும் அந்த பச்சை கவர்தான் மனசுல.

விசா சீல்ல ஏப்ரல் 30 வரைக்கும் தேதி இருக்கு, அதோட போட்டோ போன்ல வெச்சிருக்கேன். ஏப்ரல் கடைசியில அக்கா கல்யாணம், ஊருக்குப் போய்ட்டு மே முதல் வாரம் திரும்பலாம்னு பிளான். இது நடக்குமா? இவங்க சொல்ற மாதிரி பிளாக்லிஸ்ட் பண்ண முடியுமா? வீட்ல இன்னும் எதுவும் சொல்லல.

சோன்புரி அண்ணன்

தங்கச்சி, முதல்ல சாப்பிட்டு தூங்கும்மா. நான் இங்க ஒன்பது வருஷமா வாத்தியார் வேலை பாக்கிறேன், மூணு ஸ்கூல் மாறியிருக்கேன், இந்த பிளாக்லிஸ்ட் மிரட்டலை நானும் கேட்டவன்தான். குடிவரவுத் துறையோட பிளாக்லிஸ்ட்ங்கிறது சட்டத்தை மீறினவங்களுக்கு. நீ ஒப்பந்தத்தை ரெனியூ பண்ணலைங்கிறது உனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கிற விஷயம், அதுக்கு உன்னை நாட்டுக்குள்ள விடாம பண்ற அதிகாரம் எந்த ஏஜென்சிக்கும் கிடையாது.

ஆனா உன் பிளான்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதை கவனமா கேளு. சீல்ல ஏப்ரல் 30 இருக்குன்னு அதுவரைக்கும் இருக்கலாம்னு நினைச்சிருக்க. அப்படி இல்ல. வேலையைக் காரணமா வெச்சு நீட்டிச்ச அனுமதி, வேலை முடியற அன்னிக்கே முடிஞ்சிரும். மார்ச் 31 உன் கடைசி நாள்னா மார்ச் 31தான் உன் கடைசி தேதி, சீல்ல எந்த தேதி இருந்தாலும் சரி. அன்னிக்கே கிளம்பணும், இல்லைன்னா குடிவரவு ஆபீஸ் போய் 1,900 பாத் கட்டி 7 நாள் அவகாசம் வாங்கணும். இது தெரியாம ஒரு மாசம் உக்காந்துட்டு ஏர்போர்ட்ல போய் மாட்டினவங்க நிறைய பேர். ஓவர்ஸ்டே நாளுக்கு 500 பாத், அதிகபட்சம் 20,000. காசு போனா போகுது, பாஸ்போர்ட்ல அந்த குறிப்பு விழுந்தா அடுத்த விசாவுக்கு ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொல்லணும்.

நல்ல வேளையா உனக்கு கல்யாணம் இருக்கு, அதை வெச்சே வழி பண்ணிக்கலாம். இந்த விசாவை காப்பாத்தணும்னு மல்லுக்கட்டாத, அது போகட்டும். மார்ச் 31-ஓட முறையா முடிச்சுட்டு, அன்னிக்கே இல்ல அந்த 7 நாளுக்குள்ள ஊருக்குப் போ. கோன் கேன் ஸ்கூல்கிட்ட சொல்லி பேப்பர் எல்லாம் ரெடி பண்ணச் சொல்லு, மதுரையில உக்காந்துக்கிட்டே புது நான்-பி விசாவுக்கு (வேலைக்கு வர்றவங்களுக்கு குடுக்கிற விசா) அப்ளை பண்ணு. 2025 ஜனவரியிலேர்ந்து இந்தியாவுல தாய்லாந்து விசா எல்லாமே ஆன்லைன் இ-விசாதான், பாஸ்போர்ட்டை கொண்டுபோய் குடுக்க வேண்டிய வேலை இல்ல. புது விசா, புது வொர்க் பெர்மிட், பழைய ஆளுங்களோட ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இன்னொன்னு, குருசபா, அதான் இங்க இருக்கிற ஆசிரியர் கவுன்சில் (பேரைப் பாரு, நம்ம குருவும் சபையும்தான்), குடுத்த டீச்சர் வேவர், அதாவது டீச்சர் லைசென்ஸ் இல்லாம பாடம் எடுக்க தற்காலிக அனுமதி, உனக்கு இருக்கும்ல, அது பழைய ஸ்கூல் பேர்ல இருக்கும். புது ஸ்கூல் புதுசா எழுதிக் கேக்கணும். டோயிக்னு சொல்ற இங்கிலீஷ் பரீட்சையில மார்க் 600-க்கு மேல இருக்கிற சர்டிபிகேட் பழசாயிருந்தா இப்பவே எழுதிரு. இந்தியாவுல இருந்து வர்ற நம்மளை இங்க தாய்மொழியா இங்கிலீஷ் பேசறவங்க கணக்குல சேக்க மாட்டாங்க, எம்.ஏ. இங்கிலீஷ் படிச்சிருந்தாலும் அந்த மார்க்கை கேப்பாங்க. எனக்கும் இதுல வருத்தம் உண்டு, ஆனா அதுதான் நடைமுறை.

வைகைக்கரை

பாஸ்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னு போலீஸ்ல எழுதிக்குடுத்துட்டு எம்பசில புதுசு வாங்கிக்கோங்க சிஸ்டர், வேலை ஈஸியா முடிஞ்சிரும்.

சட்டம் பேசுவோம்

வைகைக்கரை சகோ, தயவுசெஞ்சு இப்படி சொல்லாதீங்க. எங்க இருக்குன்னு தெரிஞ்ச பாஸ்போர்ட்டை தொலைஞ்சதுன்னு போலீஸ்ல சொல்றது பொய்ப்புகார், குத்தம் மதுரைப்பொண்ணு மேலயே திரும்பிரும். இப்ப அவங்க பக்கம் முழுக்க நியாயம் இருக்கு, அதை ஏன் நாமளே கெடுக்கணும்?

மதுரைப்பொண்ணு சகோதரி, பாஸ்போர்ட் ஏஜென்சி சொத்து இல்ல, சொல்லப்போனா உங்க சொத்தும் இல்ல, 1967 பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசாங்கத்தோட சொத்து. தாய்லாந்து பக்கமும் சட்டம் இருக்கு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்காக 2017-ல கொண்டுவந்து 2018-ல திருத்தின அவசரச் சட்டத்துல, தொழிலாளியோட அடையாள ஆவணத்தையோ வொர்க் பெர்மிட்டையோ பிடிச்சு வெச்சுக்கிற ஆளுக்கு 6 மாசம் வரை ஜெயில், 10,000-லேர்ந்து 1,00,000 பாத் வரை அபராதம்னு தெளிவா இருக்கு. இதை சண்டையா சொல்லாதீங்க. ஒரு மெயில் அனுப்புங்க, "என் பாஸ்போர்ட்டை இந்த தேதிக்குள்ள திருப்பி அனுப்புங்க, இல்லைன்னா தொழிலாளர் அலுவலகத்துக்கும் இந்தியத் தூதரகத்துக்கும் எழுதுவேன்"னு, அவ்வளவுதான். எழுத்துல இருக்கணும், போன்ல பேசி பிரயோஜனம் இல்ல. தூதரகம் பாங்காக்ல சுகும்வித் 23-வது சோய்ல (சந்துல) இருக்கு. மதத்னு வெளிநாட்டுல இருக்கிற இந்தியர்கள் புகார் குடுக்க நம்ம அரசாங்கம் நடத்தற போர்ட்டல் இருக்கு, அதுல புகார் போட்டா நம்பர் கிடைக்கும், அந்த நம்பரை மெயில்ல போடுங்க.

அடுத்தது பணம். இங்கதான் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. பிரைவேட் ஸ்கூல் டீச்சருங்களுக்கு 2007 தனியார் பள்ளிச் சட்டம்தான், 1998 தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் அவங்களுக்கு நேரடியா பொருந்தாது. ஆனா உங்களுக்கு முதலாளி ஸ்கூலே இல்ல, ஏஜென்சி. அது ஒரு சாதாரண கம்பெனி. அதனால 1998 சட்டம் உங்களுக்கு பொருந்தும். அதுல 10-வது பிரிவு, ஒருசில வேலைகளைத் தவிர தொழிலாளிகிட்ட டெபாசிட்டே வாங்கக்கூடாதுங்குது. சம்பளத்துல கண்டபடி பிடிக்கக்கூடாதுன்னு 76-வது பிரிவு. வேலை பார்த்த மார்ச் மாசத்துக்கு சம்பளம் தராம இருக்க எந்த வழியும் இல்ல, லேட் பண்ணினா வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி சேரும்.

எங்க போகணும்னா, ஒவ்வொரு மாகாணத்துலயும் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகம் இருக்கு. கோ.ரோ. 7-ன்னு ஒரு ஃபார்ம், அதை எழுதிக்குடுத்தா இன்ஸ்பெக்டர் 60 நாளுக்குள்ள விசாரிச்சு உத்தரவு போடணும். பைசா செலவு இல்ல. தாய் தெரிஞ்ச சக டீச்சர் ஒருத்தரை கூட்டிட்டுப் போங்க. போறதுக்கு முன்னாடி 1546-க்கு போன் பண்ணி என்னென்ன எடுத்துட்டு வரணும்னு கேட்டுக்கோங்க. ஒப்பந்தம், பேங்க் ஸ்டேட்மென்ட், லைன் ஆப்ல வந்த மெசேஜ் எல்லாத்தையும் இன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, அவங்க அழிச்சிடுவாங்க.

குமரிக்கடல்

தங்கச்சி உன் பதிவைப் படிச்சதும் எனக்கு கை நடுங்கிடுச்சு. இதை நான் எங்கயும் எழுதினது இல்ல, உனக்காக எழுதறேன்.

எனக்கும் ஒரு ஏஜென்சிதான். நான்-பி லேட் ஆகுது, பேப்பர் அடுத்த வாரம் வந்துரும், அதுவரைக்கும் விசா இல்லாம டூரிஸ்டா இருந்துக்கிட்டே கிளாஸ் எடு, 60 நாள் முடியும்போது நோங் கய் பாலம் தாண்டி லாவோஸ் போய்ட்டு திரும்பி வா, எல்லாரும் அப்படித்தான் பண்றாங்கன்னு சொன்னாங்க. நானும் நம்பினேன். ஒரு தடவை போய்ட்டு வந்தேன். பேப்பர் வரவே இல்ல.

ஒரு நாள் காலையில ரெண்டாவது பீரியட், எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு இங்கிலீஷ் இறந்த காலம் எடுத்துட்டு இருக்கேன், போர்டுல பாதி வாக்கியம் எழுதியிருக்கு, வாசல்ல நாலு பேர் வந்து நின்னாங்க. வொர்க் பெர்மிட் காட்டுன்னாங்க. என்கிட்ட காட்ட ஒண்ணுமே இல்ல. இங்க கிளாஸ்க்கு வெளிய செருப்பை கழட்டிட்டுத்தான் உள்ள போவோம்ல, அந்த பதட்டத்துல வெறுங்காலோட வேன்ல ஏறிட்டேன். வேன் கேட்டை தாண்டறதுக்குள்ள ஒரு பொண்ணு என் செருப்பை ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்து ஜன்னல் வழியா குடுத்தா. குடுத்துட்டு கை கூப்பி கும்பிட்டா. அந்த முகத்தை இன்னும் மறக்க முடியல.

கோர்ட்டுல அபராதம் 5,000 பாத், அப்புறம் நாடு கடத்திட்டாங்க, டிக்கெட் காசு வீட்லேர்ந்து வாங்கித்தான் வந்தேன். பெர்மிட் இல்லாம வேலை பார்த்தா 5,000-லேர்ந்து 50,000 வரை அபராதம், அதோட ரெண்டு வருஷம் திரும்ப பெர்மிட் கேக்க முடியாது. ஏஜென்சிக்காரங்க அன்னிக்கு போனைக்கூட எடுக்கல.

அதனால கேட்டுக்கிறேன், கோன் கேன் ஸ்கூல்ல பேப்பர் லேட் ஆனாலும், விசா இல்லாம சும்மா உள்ள வந்து வேலையை ஆரம்பி, அப்புறம் மாத்திக்கலாம்னு அவங்க சொன்னாலும் கேக்காத. நல்ல ஸ்கூலா இருந்தாலும் சொல்லத்தான் செய்வாங்க, அவங்களுக்கு கிளாஸ் காலியா இருக்கக்கூடாதுன்னு அவசரம். நான்-பி கையில வந்தப்புறம்தான் ஃப்ளைட் ஏறணும், பெர்மிட் வந்தப்புறம்தான் சாக்பீஸை தொடணும். பத்து நாள் சம்பளம் போகட்டும். வீட்லயும் சொல்லிரும்மா. நான் சொல்லாம இருந்ததாலதான் கடைசியில அம்மா போன்ல அழுததை தாங்க முடியல.

சோன்புரி அண்ணன்

குமரிக்கடல் சகோதரி எழுதினதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. தங்கச்சி, ஒண்ணு விட்டுப்போச்சு. வேலையை விடும்போது ஏஜென்சிகிட்ட வேலை பார்த்த சான்றிதழும், 50 தாவின்னு சொல்ற வரி பிடிச்ச சர்டிபிகேட்டும் கேட்டு வாங்கு. பின்னாடி கோன் கேன்ல விசாவை நீட்டிக்கும்போது வரி பேப்பர் கேப்பாங்க. வேலை சான்றிதழ் தரமாட்டேன்னு சொல்ல முடியாது, இங்க சிவில் சட்டம் 585-வது பிரிவுலயே அது தொழிலாளியோட உரிமைன்னு இருக்கு.

மதுரைப்பொண்ணு

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. நீங்க சொன்ன மாதிரி மெயில் அனுப்பினேன், பதில் இல்ல. மதத்ல புகார் போட்டு அந்த நம்பரோட ரெண்டாவது மெயில் அனுப்பினேன், மறுநாளே போன் வந்துச்சு, இவ்வளவு பெருசு பண்ண வேண்டாமேன்னு ரொம்ப மரியாதையா பேசினாங்க. நான் மெயில்லயே பேசுங்கன்னு சொல்லிட்டேன். அஞ்சு நாள்ல கூரியர்ல பாஸ்போர்ட் வந்துருச்சு. ஸ்டாஃப் ரூம்லயே பிரிச்சேன், பச்சை கவர் ஒரு பக்கம் கிழிஞ்சிருந்துச்சு, உள்ள எல்லாம் சரியா இருக்கு.

டெபாசிட் பத்தி இன்னும் பேச்சே இல்ல. எங்க ஸ்கூல்ல தாய் மொழி எடுக்கிற டீச்சரம்மா என்கூட தொழிலாளர் ஆபீஸ் வந்தாங்க, ஃபார்மை அவங்களே உக்காந்து எழுதிக் குடுத்தாங்க, வர்ற வழியில சாப்பாடும் வாங்கிக் குடுத்தாங்க. மார்ச் சம்பளம் வருதான்னு பாத்துட்டு அதையும் சேத்துக்கலாம்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார். ஏப்ரல் 2 டிக்கெட் போட்டாச்சு, 31-ம் தேதி குடிவரவு ஆபீஸ் போய் 1,900 கட்டி 7 நாள் வாங்கிட்டு கிளம்பறேன்.

குமரிக்கடல் அக்கா சொன்ன மாதிரியே கோன் கேன் ஸ்கூல்ல, சும்மா வந்துருங்க இங்க வந்து விசா மாத்திக்கலாம்னு கேட்டாங்க. விசா கையில வந்தப்புறம்தான் வருவேன்னு எழுதிட்டேன், சரின்னுட்டாங்க. அப்பாகிட்டயும் எல்லாத்தையும் சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் புது கவர் வாங்கி வெக்கிறேன் வாம்மான்னாரு.