நீர்ப்பகுப்பா, நீர்ப்பிளப்பா?

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் ஆக்கும் வினைக்கு 'நீர்ப்பகுப்பு' என்ற சொல் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. சொல் சுருக்கமானதுதான், ஆயினும் ஏற்கத் தயங்குகிறேன். பாடநூல்களில் 'நீராற்பகுப்பு' (hydrolysis) முன்பே நிலைத்துவிட்டது. அங்கே நீர் வேறொரு சேர்மத்தைப் பகுக்கிறது. இங்கோ நீரே பகுபடுகிறது. எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறி நிற்கும் இரு வினைகளை ஓர் 'ஆல்' உருபை மட்டும் நம்பி வேறுபடுத்த இயலாது. போதாக்குறைக்கு, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பைச் சோதிப்பதற்கு நீர்ப்பகுப்பாய்வு என்று பெயர்.

'நீர்ப்பிரிப்பு' பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் எடுபடாது. பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கும் முறைவைத்துத் தண்ணீர் பெறும் உழவர், அச்சொல்லைக் கேட்டதும் வாய்க்கால் பங்கீட்டைத்தான் நினைப்பார். 'நீருடைப்பு' என்றால் கரை உடைந்ததோ என்று மண்வெட்டியோடு கிளம்பிவிடுவார்.

ஆகவே 'நீர்ப்பிளப்பு' என்பது என் பரிந்துரை. எங்கள் பக்கத்துப் பாறைக்குழிகளில் கருங்கல்லை உளியால் வரிசையாகக் குழி கொத்தி, ஆப்பு இறக்கிப் பிளப்பார்கள். இறுகப் பிணைந்த ஒன்றை வெளியிலிருந்து ஆற்றல் செலுத்திப் பிரிப்பது என்ற பொருள் அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. அணுக்கரு தொடர்பான சொல் 'பிளவு' என்றே வழங்குவதால் குழப்பம் நேராது.

அடுத்தது, இந்த வினைக்குப் பயன்படும் பொருள்களின் பெயர். எல்லாவற்றையும் 'நீர்பிளப்பி' என்று ஒரே சொல்லில் அடைக்கலாம் என்ற கருத்தோடு நான் உடன்படவில்லை. 1972இல் ஜப்பானிய அறிவியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் காட்டிய டைட்டானியம் டை ஆக்சைடைப் போல, ஒளியைத் தாமே உள்வாங்கி வினையை நடத்தும் குறைகடத்திகளுக்கு அப்பெயர் தகும். காரக் கரைசலில் வேலை செய்யும் நிக்கல்-இரும்பு ஹைட்ராக்சைடு அத்தகையது அன்று. அங்கே பிளப்பது மின்சாரம், அப்பொருள் வினையை எளிதாக்குகிறது, அவ்வளவே. அதற்குப் 'பிளப்பூக்கி' என்பதே நேர்மையான பெயர். மின்சாரத்தால் நீரைப் பிளக்கும் அமில வகைக் கலங்களில் ஆக்சிஜன் வெளிவரும் முனைக்குக் கிடைத்தற்கரிய இரிடியம் என்னும் உலோகம் தேவைப்படுவதே ஹைட்ரஜனின் விலையை உயர்த்தும் காரணங்களில் ஒன்று. ஆடிக் காற்றில் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் தரும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கிச் சேமிப்பது பற்றி இங்கே பேசும்போது, விலை குறைந்த ஊக்கி எது என்பதே முதல் கேள்வியாக எழும். அங்கே இரண்டு பெயர்களும் தனித்தனியே வேண்டியிருக்கும்.

ஒன்று மீதமிருக்கிறது. கணக்குப்படி நீரைப் பிளக்க 1.23 வோல்ட் போதும். நடைமுறைக் கலங்களோ ஏறக்குறைய 1.8 வோல்ட் கேட்கின்றன. அந்தக் கூடுதலை 'மிகைமின்னழுத்தம்' என்றால், கோவை மோட்டார் பட்டறைக்காரர் லைனில் வோல்டேஜ் ஏறி மோட்டாரின் கம்பிச்சுருள் கருகுவதாகவே புரிந்துகொள்வார். இதற்குத் தனிச் சொல் வேண்டும். 'மேலதிக அழுத்தம்' என்பது என் மனத்தில் இருக்கிறது, ஆனால் நிறைவில்லை. மாற்று இருப்பின் எழுதுங்கள்.