கரையும் தையல் என்றார்கள், வெளியே இருந்தது நைலான்

செங்கோட்டைப் பெண்:

என் ஆச்சி பாம்படம் போட்டவள். காது தோளைத் தொடும். பாம்படத்தை விற்ற வருடமே காதை வெட்டித் தைத்துக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள். யார் தைத்தார்கள், எந்த நூலில் தைத்தார்கள் என்று நாங்கள் யாரும் கேட்டு வைக்கவில்லை. இப்போது அது எனக்குக் குறையாக இருக்கிறது.

என் காதைக் கிழித்தது ஜிமிக்கி. பத்து வருடம் கனமான ஜிமிக்கி போட்டதில் துளை கீழே இறங்கி நீளக் கீறலாகியிருந்தது. இடுப்பில் இருந்த ஒன்றரை வயது மகள் விளையாட்டாகப் பிடித்து இழுத்தாள். மீதியிருந்த துளித் தோலும் அறுந்து, வலது காதுச்சோணை இரண்டாகப் பிளந்தது. இரண்டு வருடம் முடியை அந்தப் பக்கம் தழைய விட்டே கல்யாண வீடுகளுக்குப் போனேன்.

1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர். வைத்தியம் என்றால் மலையேறி மேற்கே போவது எங்கள் வீட்டில் இன்றும் பழக்கம். கோட்டைவாசல் தாண்டி, கேரளப் பக்கம் ஒரு மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தார். பிளந்த ஓரங்கள் தோல் மூடி ஆறிவிட்டதால் அப்படியே சேர்த்துத் தைத்தால் ஒட்டாது, ஓரத்தை மெல்லச் சீவிப் புதுக் காயமாக்கித்தான் தைக்க வேண்டும் என்று படம் வரைந்து காட்டினார். மரத்துப்போக ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசி குத்திய வலிதான், அதன் பிறகு தோலை இழுப்பது மட்டும் தெரிந்தது.

எழுந்து உட்கார்ந்ததும் அவர் சொன்னது: "உள்ளில் அலிஞ்ஞு போகுன்ன ஸ்டிச்சாணு." உள்ளே இருப்பது கரைந்துபோகும் தையல் என்று அர்த்தம். எனக்கு மலையாளம் நன்றாகவே புரியும். ஆனால் அந்த நேரத்தில் "அலிஞ்ஞு போகும்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். முதல் சொல்லான "உள்ளில்" என்பதைக் கவனிக்கவில்லை. தையல் பிரிக்க மறுபடி மலையேற வேண்டாம் என்ற நிம்மதியில் பஸ் ஏறிவிட்டேன்.

கையில் கொடுத்த சீட்டில் கடைசி வரியில் "எஸ்ஆர் - 7" என்று ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தது. ஏதோ மாத்திரை என்று நினைத்தேன். தையல் எடுப்பதன் சுருக்கம் அது என்று பிறகுதான் தெரிந்தது. ஏழாம் நாள் வந்து வெளித் தையலை எடுத்துக்கொள் என்று அர்த்தம்! கவுண்டரில் பணம் வாங்கியவர் அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் போதும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆனி மாதம், சாரல் தொடங்கிவிட்டது. புளியரைக் காற்று எங்கள் தெருவரை ஈரத்தோடு வரும். அம்மா முறிவெண்ணெய் என்ற ஆயுர்வேத எண்ணெயைத் தடவினாள், அதன் மேல் மஞ்சள் வைத்தாள். அது காய்ந்து பொருக்காகத் தையலை மூடிவிட்டது. பத்தாம் நாள் தலை குளித்தபோது கண்ணாடியில் பார்த்தேன். கறுப்பு முடிச்சுகள் அப்படியே இருந்தன. கரையும் கரையும் என்று காத்திருந்தேன். பதினைந்தாம் நாள் காது சிவந்து, தொட்டால் சூடாக இருந்தது. பத்தொன்பதாம் நாள் இங்கே உள்ளூர் கிளினிக்குக்குப் போனேன். அங்கிருந்த செவிலியர் உப்புநீரில் பஞ்சை நனைத்து வெகுநேரம் வைத்துப் பொருக்கை ஊறவிட்டு, நுனி வளைந்த சின்னக் கத்தரியால் முடிச்சுக்கு அடியில் ஒவ்வொன்றாக வெட்டினார். ஆறு முடிச்சு. கடைசி இரண்டும் தோலுக்குள் புதைந்திருந்தன. கண்ணீர் வந்துவிட்டது. "இது நைலான் அம்மா, ஆயுசுக்கும் கரையாது" என்றார்.

காது ஒட்டிவிட்டது. ஆனால் கோட்டின் இரண்டு பக்கமும் மும்மூன்று புள்ளிகள் தடமாக நின்றுவிட்டன. சீட்டில் இருந்த ஒரே வரியை விசாரிக்காததால் வந்தது அது. உங்களுக்கும் கரையும் தையல் அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

கொழிஞ்சாம்பாறை இளைஞன்:

அக்கா, எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. பதினான்கு வயதிலிருந்து எனக்கு மார்பு பெண்களுக்கு இருப்பதுபோல் பெருத்திருந்தது. சோகநாசினி ஆற்றில் நண்பர்கள் குளிக்கும்போது நான் மட்டும் பனியனைக் கழற்றாமல் இறங்குவேன். 23 வயதில் சொந்தச் சம்பாத்தியத்தில் கோயம்புத்தூரில் அறுவை செய்துகொண்டேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாகக் கீறி, உள்ளிருந்த சுரப்பியை எடுத்தார்கள். எல்லாமே கரையும் தையல், எடுக்க ஒன்றும் இல்லை என்று தமிழில் தெளிவாகச் சொன்னார்கள்.

ஏழாவது வாரம் தழும்பின் ஓரத்தில் ஒரு பரு வந்தது. இரண்டு நாளில் அது உடைந்து, உள்ளிருந்து குருணை அளவுக்கு வெள்ளையாக ஏதோ எட்டிப் பார்த்தது. நூல்முனை. நான் நகத்தால் பிடித்து இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது, கூடவே ரத்தமும். பயந்து விட்டுவிட்டேன். மறுநாள் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் கோபப்படவில்லை. உடம்பு கரைப்பதற்கு முன்பே சில முடிச்சுகளை வெளியே தள்ளிவிடும், அப்படி வந்தால் இழுக்காமல் வரச் சொன்னார். நீட்டிக்கொண்டிருந்த முனையைக் கத்தரித்துச் சீழை வெளியேற்றி, ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். இழுக்காமல் இருந்திருந்தால் மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

அதோடு இன்னொரு தவறும் செய்தேன். நான்காம் வாரமே தோப்பில் தேங்காய் மூட்டை தூக்கினேன். வெளியே காயம் மூடியிருந்ததால் எல்லாம் ஆறிவிட்டது என்று நம்பினேன். இடது பக்கத் தழும்பு அகலமாக விரிந்துவிட்டது. வலது பக்கம் முடிபோல் மெல்லிய கோடு. இரண்டையும் ஒரே கைதான் தைத்தது.

ஆனாலும் இந்த மேட மாதத்தில் (தமிழில் சித்திரை) பனியன் இல்லாமல் ஆற்றில் இறங்கினேன்.

களியக்காவிளைச் செவிலியர்:

பாறசாலைப் பக்கம் அறுவை அரங்கில் பல வருடம் வேலை பார்க்கிறேன். தங்கச்சி, தம்பி, இரண்டு பேரும் சொன்னதற்குக் காரணம் நூலிலேயே இருக்கிறது.

கரையும் தையல் என்பது ஒரே நூல் அல்ல. பழைய நூல் கேட்கட். பெயரைக் கேட்டு, பூனைக் குடலா என்று பலர் முகம் சுளிப்பார்கள். அது ஆட்டுக்குடலிலோ மாட்டுக்குடலிலோ எடுப்பது. உடம்பின் நொதிகள் அதைச் செரித்துவிடும். இப்போது அழகுக்கான அறுவைகளில் பெரும்பாலும் செயற்கை நூல்தான், அது உடம்பில் உள்ள நீர் பட்டுச் சிறிது சிறிதாக அறுந்து கரைகிறது. சைவம் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொன்னால் செயற்கை நூலிலேயே தைக்கச் சொல்லிக் கேட்கலாம். தயங்க வேண்டாம்.

ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு கணக்கு உண்டு, ஒன்று பிடிமானம் இருக்கும் காலம், மற்றது முழுதும் மறையும் காலம். செயற்கை நூல்களில் விக்ரில் என்பது மூன்று வாரத்தில் பாதி பலத்தை இழந்துவிடும், முழுதும் மறைய 56 முதல் 70 நாள். மோனோக்ரில் ஒரே வாரத்தில் பாதியளவுக்கு இறங்கிவிடும், மறைய 91 முதல் 119 நாள். பி.டி.எஸ். மறைய ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். தம்பிக்கு ஏழாவது வாரம் நூல்முனை வந்ததில் அதிசயம் இல்லை, நூல் அப்போதும் உள்ளே இருந்திருக்கிறது.

காயத்தின் கணக்கு வேறு. மூன்று வாரத்தில் பழைய தோலின் பலத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் வந்திருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதம் வரலாம், அதற்கு மேல் வராது. நூல் தளரும் நேரமும் காயம் இன்னும் பலம் பெறாத நேரமும் ஒன்றாக வருகிற அந்த மூன்றாம், நான்காம் வாரத்தில்தான் தம்பி மூட்டை தூக்கியிருக்கிறார். தழும்பு விரியாமல் என்ன செய்யும்?

தங்கச்சி விஷயத்தில் நடந்தது இது: கரையாத நூல் தோலில் வாரக்கணக்கில் நின்றால் நூல் போகும் வழியில் மேல்தோல் உள்ளிறங்கி வளர்ந்துவிடும். அந்தப் புள்ளிகள் அப்படித்தான் விழுகின்றன. அதனால்தான் முகத்திலும் காதிலும் ஒரு வாரத்தை ஒட்டி எடுத்துவிடுகிறோம். முறிவெண்ணெய் எங்கள் வீட்டிலும் உண்டு, கால் பிசகினால் தடவுவேன். தையல் போட்ட காயத்தின் மேல் டாக்டர் கொடுத்த களிம்பைத் தவிர எதுவும் வேண்டாம். மஞ்சளும் காப்பித் தூளும் பொருக்குக்கு அடியில் அழுக்கைச் சேர்த்து வைக்கும். தையலோடு குற்றால அருவிக்கும் போகாதீர்கள். சீசன் நேரத்தில் இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

சிவப்பு பரவினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காயம் வாய் பிளந்தாலோ அன்றே போய்விட வேண்டும்.

குமுளி, ஏலத்தோட்டத்திலிருந்து:

எனக்குத் தோளில் கொழுப்புக் கட்டி எடுத்தார்கள். தையல் கரைந்தது, காயமும் நன்றாக மூடியது. மூன்றாம் மாதம் தழும்பு தடித்து, காயம் இருந்த எல்லையையும் தாண்டிப் படர ஆரம்பித்தது. அரிப்பு தூங்க விடவில்லை. கீலாய்டு என்றார்கள். தழும்புக்குள் ஊசி போட்டு, சிலிகான் பட்டையை தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்டச் சொன்னார்கள். எட்டு மாதமாக ஒட்டுகிறேன், கொஞ்சம் தணிந்திருக்கிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் உருண்டை வந்திருந்தால் அதைக் கத்தி வைப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். என் அக்காவுக்கு இருந்தது. நான் சொல்லவில்லை.

செங்கோட்டைப் பெண்:

குமுளி அக்கா சொன்னதைப் படித்துவிட்டு அம்மாவிடம் விசாரித்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் அப்படி வந்ததில்லை.

இடது காதுத் துளையும் கீழே இறங்கியிருந்தது. அறுந்துபோகும்வரை காத்திருக்காமல் போன வாரம் அதே டாக்டரிடம் போனேன். தையல் முடிந்து அவர் கையுறையைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டேன்: உள்ளே எது, வெளியே எது, எப்போது எடுக்க வேண்டும், செங்கோட்டையிலேயே எடுத்துக்கொள்ளலாமா? அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். புதுத் துளை மூன்று மாதம் கழித்து, அதுவும் தழும்பை விட்டுத் தள்ளித்தான் போட வேண்டுமாம். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சீட்டின் பின்பக்கத்தில் எழுதித் தரச் சொன்னேன். அவள் மலையாளத்தில் எழுதினாள். நான் அதற்குக் கீழே தமிழில் எழுதிக்கொண்டேன்: உள்ளே விக்ரில், வெளியே நைலான் ஐந்து முடிச்சு, வெள்ளிக்கிழமை எடுக்க வேண்டும்.

இன்று வியாழன். முறிவெண்ணெய்க் குப்பியை அம்மாவே பரணில் தூக்கி வைத்துவிட்டாள்.